உட்கார முடியாதவளுக்கு ஒரு கதை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை தங்கைக்குத் துணையாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காத்திருக்கும் கூடத்தில் நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒருத்தி மட்டும் முக்கால் மணி நேரமாகச் சுவரில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டே இருந்தாள். நர்ஸ் "உட்காருங்கம்மா" என்றதற்கு, "பரவாயில்லைங்க, இப்பதான் உட்கார்ந்துட்டு வந்தேன்" என்றாள். என்ன ஒரு பதில்! எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவள் முறை வந்தது, உள்ளே போனாள், இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டாள். அந்த விஷயத்தை இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படி வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தவள்தான். எழுந்து போய் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கி வைக்காமல் எழுத ஆரம்பித்தேன், கை அப்படிப் பரபரத்தது.

எத்தனை கதைகளில் கர்ப்பிணிகளைப் பார்த்தாயிற்று. வாந்தி எடுப்பார்கள், மயங்கி விழுவார்கள், ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார்கள். ஒருத்திக்காவது மூலம் வந்திருக்கிறதா? அத்தனை பேருக்கும் அவ்வளவு ஒழுங்காகவா போயிற்று? நான் எழுதப்போகிறேன். நினைத்தாலே சிரிப்பும் சந்தோஷமுமாக வருகிறது.

2

தொடக்கம் ஒன்று: "மேலே ஓர் உயிர் மலர்ந்துகொண்டிருக்க, கீழே ஓர் எரிமலை..."

வேண்டாம். படிக்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

தொடக்கம் இரண்டு: "கருப்பை கொடுக்கும் அழுத்தத்தாலும் மலச்சிக்கலாலும் ஆசனவாயைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்கள் வீங்கி..."

எல்லாம் சரிதான். ஆனால் இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற காகிதம்.

தொடக்கம் மூன்று: மைக்கு அன்று காலை ரத்தத்தைப் பார்த்தாள்.

இது ஓடும்.

மைக்கு என்பது பட்டப்பெயர். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். (முதலில் தையல்காரியாக வைத்தேன். நாலு வரிக்குள் அவளே வேலையை விட்டுவிட்டாள்.) மாடியில் கண்ணாடி அறை, பஞ்சு பிதுங்கிய சுழல் நாற்காலி, கழுத்து வளைந்த ஒலிவாங்கி. எந்த வண்டி எத்தனை மணி தாமதம் என்று கீழேயிருந்து சீட்டு வரும். சீட்டில் இருப்பதை அப்படியே மூன்று தடவை வாசிக்க வேண்டும், சொந்தச் சரக்கு ஒரு சொல்கூடக் கூடாது. அதனாலேயே அவளுக்கு எதைச் சொல்லவும் கூச்சம் கிடையாது. தண்டவாளத்தில் விழுந்தவனைப் பற்றியும் அதே குரல், தொலைந்த குடையைப் பற்றியும் அதே குரல். ஆயிரம் பேருக்கு முன்னால் கணீரென்று பேசுகிறவளுக்கு, தன்னைப் பற்றி ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது.

3

ஐந்தாம் மாத முடிவில், கழிப்பறையில், திட்டுத் திட்டாகச் சிவப்பு. குழந்தைதான் போய்விட்டது என்று அவளுக்கு உயிரே நின்றுபோயிற்று. அப்புறம் எரிச்சலை வைத்து எங்கேயிருந்து வருகிறது என்று புரிந்தது. உயிர் திரும்பி வந்தது, பின்னாலேயே வெட்கமும் வந்தது.

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கல் மாதிரி இறுகிவிடுகிறது. அப்படியானால் மாத்திரை வேண்டாம். அடுத்த யோசனை இன்னும் அபாரம்: உள்ளே போனால்தானே வெளியே வர வேண்டும்? சாப்பாட்டையும் பாதியாக்கினாள்.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுவார். அவள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்குவாள். கதவு சாத்தியதும் வாஷ்பேசினில் துப்புவாள்.

"ஏம்மா நின்னுக்கிட்டே சாப்பிடுற? நாற்காலி மேல என்ன கோபம்?"

"இடுப்பு பிடிச்சிருக்குங்க."

அந்த மனுஷர் அன்று சாயங்காலமே கெட்டியாக ஒரு மெத்தை வாங்கி வந்து நாற்காலியில் போட்டார். ஆசையாக வாங்கி வந்தாரே என்று உட்கார்ந்தாள். கண்ணில் பூச்சி பறந்தது. "நல்லா இருக்குங்க" என்றாள்.

[இந்த ஆளை முதல் பிரதியில் கொடுமைக்காரனாக எழுதப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. டம்ளரும் கையுமாக நிற்கிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?]

ஏழாம் மாதப் பரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பதினொண்ணு இருந்த ரத்தம் எட்டரைக்கு வந்துருக்கு. மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் டாக்டர்."

"எங்கேயாவது ரத்தம் போகுதா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படிக் குறையும்? குழந்தை எடையும் போதலை. இதே நிலைமையில பிரசவத்துக்கு வந்தீங்கன்னா, அங்க போற ரத்தத்தை உங்க உடம்பு தாங்காதும்மா. அடுத்த வாரம் வாங்க. ஏறலைன்னா அட்மிட் பண்ணிடுவேன்."

மைக்கு தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். இரண்டு நிமிஷம்.

4

இருப்பது ஒரு வாரம். எப்படியாவது அவளைப் பேச வைத்தாக வேண்டும்.

முடிவு ஒன்று. ஒலிவாங்கியை அணைக்க மறந்து, தோழியிடம் போனில் சொல்கிறாள், ஆறு பிளாட்பாரமும் கேட்கிறது. நீங்களும் இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? எழுதினேன், விழுந்து விழுந்து சிரித்தேன், கிழித்துப் போட்டேன். பன்னிரண்டு வருஷ அனுபவக்காரி, மூச்சு விட மறந்தாலும் அந்த சுவிட்சை மறக்க மாட்டாள். தவிர, நாம் சிரிக்க அவள் மானம் ஏன் சந்தி சிரிக்க வேண்டும்?

முடிவு இரண்டு. வாஷ்பேசின் அடைத்துக்கொள்கிறது. புருஷன் குழாயைக் கழற்ற, உள்ளேயிருந்து...

இல்லை. அப்புறம் டாக்டரிடம் அவர்தான் பேசுவார். இது அவள் வாயால் வர வேண்டும்.

முடிவு மூன்று. இது வந்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். சீட்டு! அவளுக்குச் சீட்டில் இருப்பதைச் சொல்லத்தானே தெரியும்?

அடுத்த வாரம், டாக்டரம்மா நிமிர்வதற்குள், மைக்கு பையிலிருந்து, தானே எழுதி வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாசித்தாள்:

"டாக்டரின் கனிவான கவனத்திற்கு. எனக்கு மூலம் இருக்கிறது. எட்டு வாரமாக ரத்தம் போகிறது. அதற்குப் பயந்து இரும்பு மாத்திரையைத் துப்பிவிட்டேன். சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன். தாமதத்திற்கு வருந்துகிறேன்."

பழக்க தோஷம், மறுபடி வாசித்தாள். இரண்டாம் தடவையில் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மூன்றாம் தடவையிலும் குரல் நடுங்கவில்லை.

"கேட்டுடுச்சும்மா" என்றார் டாக்டரம்மா. "வெளிய இருக்கிறவங்களுக்கும் கேட்டிருக்கும். இதுக்கா இத்தனை நாள்? இங்க வர்றவங்கள்ல எத்தனை பேருக்கு இருக்கு தெரியுமா? படுங்க, பார்த்துடலாம்."

பார்த்தார். மாத்திரையை மாற்றி எழுதினார். மலம் இளக ஒன்று, பூசிக்கொள்ள ஒன்று. "தொட்டியில வெதுவெதுப்பா தண்ணி வச்சு பத்து நிமிஷம் உட்காருங்க. நிறைய தண்ணி குடிங்க, காய், பழம் சாப்பிடுங்க. முக்காதீங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க, உள்ள ஒரு ஆள் பசியோட இருக்கு."

மைக்கு அப்போதுதான் அழுதாள். நிம்மதி, வேறொன்றுமில்லை.

வெளியே வந்தாள். கூடத்தில் ஒரு பத்துப் பேர் தரையைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. வேகமாக நடந்து வாசலை நெருங்கியபோது யாரோ அவள் கையைப் பிடித்தார்கள். நிறைமாத வயிற்றோடு ஒருத்தி, அவளைவிட ஏழெட்டு வயது சின்னவள், அடுத்த முறை அவளுடையது.

"அக்கா" என்றாள் குரலே எழும்பாமல். "அந்தச் சீட்டைக் கொஞ்சம் தர்றீங்களா?"

5

மைக்கு கொடுத்தாளா, அந்தப் பெண் உள்ளே போய் வாசித்தாளா என்று நான் எழுதப்போவதில்லை. சீட்டு மேலே முழுசாக இருக்கிறது. வேண்டுகிறவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எட்டு வாரம் என்கிற இடத்தில் மட்டும் உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.