மைனஸ் பத்துப் பேர்

பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, மாலை மணி அடித்த பிறகும் ஒரு பெண் மட்டும் வகுப்பை விட்டுப் போகவில்லை. கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. எந்தப் பாடம் முடிந்தாலும் எல்லாரும் பையை மூடும் நேரத்தில் கையைத் தூக்குகிறவள் அவள்தான். கணக்கு டீச்சர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினார்.

“என்னம்மா, மார்க் குறைஞ்சிருச்சா?”

“மார்க்கு அப்புறம் மிஸ். பதினாலாவது கேள்வியைக் கொஞ்சம் பாருங்க.”

டீச்சர் பார்த்தார். 'ஒரு பள்ளியில் நூறு மாணவர்கள். எழுபது பேர் கால்பந்து ஆடுகிறார்கள். அறுபது பேர் கூடைப்பந்து ஆடுகிறார்கள். இரண்டும் ஆடுபவர்கள் இருபது பேர். எதுவும் ஆடாதவர்கள் எத்தனை பேர்?' ஐந்து மதிப்பெண்.

அதற்குக் கீழே சந்தேகம் எழுதியிருந்தாள்: 'எழுபதும் அறுபதும் நூற்று முப்பது. இரண்டு முறை எண்ணப்பட்ட இருபதைக் கழித்தால், ஆடுகிறவர்களே நூற்றுப் பத்துப் பேர். ஆனால் பள்ளியில் இருப்பதே நூறு பேர்தான். ஆடாதவர்கள் மைனஸ் பத்துப் பேர் என்று வருகிறது. அப்படி யாரும் இருக்க முடியாது. கேள்வி தவறு.'

அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய சுழி. போட்டது டீச்சரேதான். நாலு நாளில் நூற்று நாற்பது தாள். விடைக்குறிப்பில் 'பத்து' என்று இருந்தது. பத்து என்று எழுதியவர்களுக்கு ஐந்து, மற்றவர்களுக்குச் சுழி. செக்குமாடு மாதிரி சுற்றியிருக்கிறார். ஒரு நிமிடம் நின்று கேள்வியைப் படிக்கவில்லை.

“மத்தவங்க எல்லாம் எப்படி மிஸ் பத்துன்னு எழுதினாங்க?”

“நூத்திப்பத்துல இருந்து நூறைக் கழிச்சிருக்காங்க.”

“அது தலைகீழா இல்ல?”

“தலைகீழ்தான்” என்றார் டீச்சர். காதுமடல் சுட்டது. “தாளைக் குடு. நான் பேசறேன்.”

அந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் காலை ஜெபம் முடிந்ததிலிருந்து மாலை மணி வரை எல்லாமே கல்லூரி வாசலை நோக்கித்தான். பதினொன்றின் முடிவில் எழுபத்தைந்தும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு உயர்கணிதம். மீதிப் பேருக்குப் பொதுக்கணிதம். பொதுக்கணிதம் படித்தவர்களைப் பொறியியல் கல்லூரிகள் ஏறெடுத்தும் பார்க்காது. சந்தேகத்துக்குப் பாலம் கட்டப் படிக்க வேண்டும். அவள் வாங்கியிருந்தது எழுபத்தொன்று. அந்த ஐந்தும் சேர்ந்தால் எழுபத்தாறு.

மறுநாள் ஆசிரியர் அறையில் டீச்சர் துறைத்தலைவரைப் பிடித்தார். முப்பது வருட அனுபவக்காரர். பிள்ளைகள் 'சூத்திரம் சார்' என்பார்கள். மறைமாவட்டத்தின் ஆறு பள்ளிகளுக்கும் அவர்தான் கேள்வித்தாள் தயாரிக்கிறவர்.

“சார், பதினாலாவது கேள்வியில எண் தப்பா விழுந்திருக்கு.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது என்பது டீச்சருக்கும் புரிந்தது. தாளை மடித்து மேசையில் வைத்தார்.

“விடை பத்துதானே?”

“மைனஸ் பத்து.”

“ஆள் கணக்குல மைனஸ் வராதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியும். அதான் பத்துன்னு எழுதியிருக்காங்க.”

“ஆள் கணக்குல மைனஸ் வந்தா கேள்வி தப்புன்னு அர்த்தம் சார்.”

“டீச்சர், இந்தக் கேள்வி எத்தனையோ வருஷமா வருது. யாரும் வாயைத் திறக்கல.”

“இப்ப ஒருத்தி திறந்திருக்கா.”

“அவ எப்பதான் மூடினா?” என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போனார்.

முதல்வர் ஃபாதரைப் பார்க்க மூன்று முறை படியேற வேண்டியிருந்தது. மூன்றாம் முறை உள்ளே விட்டார்கள். அவர் அதிர்ந்து பேசாதவர். எதிரே இருப்பவர் சொல்வதை முழுதும் கேட்டு, தலையை ஆட்டி, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவார்.

“உங்க மனசாட்சியை நான் மதிக்கிறேன், டீச்சர். ஆனா ஆறு பள்ளிக்கும் ஒரே தாள். நாம தப்புன்னு சொன்னா அஞ்சு பள்ளி நம்மைக் கேக்கும்.”

“கேக்கட்டும் ஃபாதர். தப்புதானே?”

“ஒரு குழு போடுவோம்.”

குழு மூன்று வாரம் கூடியது. அதற்குத் தலைவர் சூத்திரம் சார். வீட்டில் இதைச் சொன்னபோது, பல் மருத்துவரான டீச்சரின் கணவர் சிரித்துவிட்டார். “சொத்தைப் பல்லுகிட்டயே கேக்கறாங்களா, உன்னைப் பிடுங்கலாமான்னு?” டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. “வாரா வாரம் பாவமன்னிப்புக்கு வரிசையில நிக்கிற பள்ளிக்கூடம். ஒரு தப்பை ஒத்துக்க முடியல” என்றார்.

கடைசியில் சுற்றறிக்கை வந்தது. பதினாலாவது கேள்வி நீக்கப்படுகிறது. மொத்தம் இனி தொண்ணூற்றைந்து. அதை நூற்றுக்கு மாற்றிக்கொள்ளவும். தசமங்கள் கணக்கில் எடுக்கப்படா.

அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்றபடியே டீச்சர் மனக்கணக்குப் போட்டார். தொண்ணூற்றைந்துக்கு எழுபத்தொன்று. நூற்றுக்கு எழுபத்து நாலு புள்ளி ஏழு. தசமத்தை வெட்டினால் எழுபத்து நாலு. வெட்டாவிட்டாலும் கால் மதிப்பெண் குறைகிறது. கேள்வி தவறு என்று கண்டுபிடித்தவள் அப்போதும் வெளியேதான்.

அதோடு போகவில்லை. 'பத்து' என்று எழுதி ஐந்து வாங்கி, மொத்தம் எழுபத்தாறில் இருந்த ஒரு பையனும் எழுபத்தைந்தில் இருந்த ஒரு பெண்ணும் அந்த ஐந்து போனதால் கீழே இறங்கினார்கள். பையனின் அப்பா பெற்றோர் சங்கத் தலைவர். அவர் ஒரே நாளில் இரண்டு முறை பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் டீச்சரை வழிமறித்தார்.

“என் பையன் உங்களுக்கு என்ன பண்ணான் மேடம்?”

“ஒண்ணும் பண்ணல. கேள்விதான் தப்பு.”

“கேள்வி தப்புன்னா கேட்டவரைப் பிடிங்க. பதில் எழுதினவனை ஏன் பிடிக்கிறீங்க?”

அதில் நியாயம் இருந்தது. அதுதான் டீச்சரை இன்னும் எரிச்சல்படுத்தியது. அந்த இரண்டு பிள்ளைகளும் வகுப்பில் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

நாலாம் நாள் இரண்டாவது சுற்றறிக்கை: முதல் சுற்றறிக்கை ரத்து, பழைய மதிப்பெண்களே நிலைக்கும். பையன் உள்ளே, அந்தப் பெண் உள்ளே, சந்தேகம் எழுபத்தொன்றோடு வெளியே. ஒரு மாதம் அலைந்து, கிணற்றில் போட்ட கல் கிணற்றிலேயே கிடந்தது.

அந்த வாரம் சந்தேகத்தின் அம்மா வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில், சீருடையோடு வந்திருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது மிஸ். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் பொண்ணு எழுதினது சரியா, தப்பா?”

“சரி.”

“உங்க பெரிய சாருக்கு அது தெரியுமா?”

“தெரியும்.”

“ஃபாதருக்கு?”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சும் அவ கீழதான் உக்காரணுமா?”

டீச்சர் மேசைமேல் இருந்த நோட்டுகளை அடுக்கினார். ஏற்கெனவே அடுக்கியிருந்த நோட்டுகள். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “சரி மிஸ், வண்டிக்கு நேரமாச்சு” என்று போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு.

வெள்ளிக்கிழமை துறைக் கூட்டம். சூத்திரம் சார் கூட்டக் குறிப்பேட்டை நீட்டினார். 'கேள்வி எண் பதினான்கு மறுபரிசீலனை செய்யப்பட்டது. பிழை எதுவும் காணப்படவில்லை.' கணக்கு ஆசிரியர்கள் நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். மூவர் போட்டிருந்தார்கள்.

“மார்க்கை மாத்த வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கீங்க. அதை எழுதுங்க, போடறேன்” என்றார் டீச்சர். “பிழை இல்லன்னு என்னால எழுத முடியாது.”

“ஒரு கையெழுத்துதானே?”

“ஒரு மைனஸ்தானேன்னு ஆரம்பிச்சதுதான் சார் இது.”

அவர் முகம் இறுகியது. சட்டென்று வயதானவர் போலத் தெரிந்தார். “எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு டீச்சர்” என்றார் தாழ்ந்த குரலில். “போற காலத்துல ஆறு பள்ளியில என் பேரு நாறணுமா?” டீச்சருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

புது வருட அட்டவணை வந்தபோது உயர்கணிதத்தில் டீச்சர் பெயர் இல்லை. பதினோரு வருடம் எடுத்த வகுப்பு, போன வருடம் சேர்ந்த இளைஞருக்குப் போயிருந்தது. டீச்சருக்குப் பொதுக்கணிதம். கீழ்த்தளத்தில் கூடைப்பந்துத் திடலை ஒட்டிய அறை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சுவரில் பந்து மோதும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் காதில் எதுவும் விழாது. இரண்டாவது வரிசையில் சந்தேகம் உட்கார்ந்திருந்தாள்.

“என்னாலதானே மிஸ்?” என்றாள் வகுப்பு முடிந்ததும்.

“நான் கையெழுத்துப் போடாததால. உனக்கு அதுல பங்கு கிடையாது.”

“அப்ப இன்னொரு கையெழுத்துப் போடுவீங்களா?”

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். அரசுத் தேர்வில் உயர்கணிதத்தைத் தனித்தேர்வராக எழுதுவதற்கான விண்ணப்பம். அலுவலகம் அலுவலகமாக ஏறி அம்மா வாங்கி வந்தது. பாடம் நடத்தியதற்கு ஒரு கணக்கு ஆசிரியர் சான்று தர வேண்டும்.

“நடத்தாம எப்படிப் போடறது?”

“நடத்துங்க மிஸ்.”

நடத்தினார். மதிய இடைவேளையில் இருபத்தைந்து நிமிடம், பத்து மாதம். ஒரு கையில் சோற்று டப்பா, ஒரு கையில் சாக்பீஸ். பாதி நாள் பந்துச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. வகையிடல் பாடத்தில் சந்தேகம் நாலு வாரம் சிக்கிக்கொண்டாள். ஒரு நாள் டீச்சர் பொறுமையிழந்து, “இதுகூடப் புரியலன்னா எதுக்கு எனக்கு இந்தத் தலைவலி?” என்று சாக்பீஸை எறிந்தார். அவள் அழவில்லை. சாக்பீஸைப் பொறுக்கிக் கொண்டுவந்து, “மூணாவது வரி எப்படி வந்தது மிஸ்?” என்றாள். டீச்சர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது வரியில் தவறு இருந்தது. அவர் போட்ட தவறு. துடைத்துவிட்டு, “தப்பு என்னுது. மறுபடி பாரு” என்றார்.

அரசுத் தேர்வில் அவளுக்கு எண்பத்து ஒன்பது. ஒரு பொறியியல் கல்லூரி இடம் கொடுத்தது. ஒரு வாரத்தில் பள்ளி வாசலில் பெரிய பதாகை தொங்கியது. அவள் படம், பக்கத்தில் சூத்திரம் சார் படம், கீழே 'எங்கள் உயர்கணித மாணவி'.

டீச்சர் நேரே ஃபாதரிடம் போனார்.

“அவ நம்ம உயர்கணித வகுப்புல ஒரு நாள்கூட உக்காரல ஃபாதர்.”

“நம்ம பிள்ளைதானே டீச்சர்? சந்தோஷப்படுங்க.”

“படறேன். அந்த வகுப்பை எனக்குத் திருப்பித் தருவீங்களா?”

“அட்டவணை முடிஞ்சிருச்சே. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

டீச்சர் படியிறங்கி வந்தார். புதுப் பொதுக்கணித வகுப்பு, நாற்பத்து மூன்று பேர். பாதிப் பேர் நோட்டே கொண்டுவரவில்லை. அவர் தேதி எழுதுவதற்குள் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான்.

“மிஸ், இதைப் படிச்சா எந்தக் காலேஜும் எடுக்காதாமே. அப்புறம் எதுக்குப் படிக்கணும்?”

“யாரு சொன்னா?”

“மேல இருக்கறவங்க.”

“மத்தியானம் டப்பாவை எடுத்துக்கிட்டு இங்க வா, பேசலாம்” என்றார் டீச்சர். “இப்ப பக்கத்துல இருக்கறவன்கிட்ட ஒரு தாள் வாங்கு.”