முறிகண்டிக்கு இன்னும் வராத சிவப்புக் கார்

1

இந்தக் கதை எனக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமைப்படக்கூடிய வழி அல்ல. போன மாசியில் கோயில் விளக்குத் தண்டு ஒன்றை ஒட்டுவிக்க வன்னியில் வட்டக்கச்சிப் பக்கம் ஒரு வெல்டிங் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் இரண்டாக உடைந்த ஓர் இரும்பைக் கைக்கொரு துண்டாகப் பிடித்தபடி நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. "பிறகு வாங்கோ" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைக் கொடுக்காத குற்றத்துக்காகவே இதை எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "போரில் கணவனை இழந்த சிவலட்சுமி..."

வெட்டிவிட்டேன். வன்னியில் ஒரு பெண் வெல்டிங் செய்தால் கணவன் செத்திருக்க வேண்டும் என்று எழுதுகிற நாங்களே முடிவுகட்டிவிடுகிறோம். சிவலட்சுமியின் கணவர் வீரகத்தி நல்ல சுகம். வீட்டில் உள்ள ஒரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்கு மருந்தடிக்கப் போயிருக்கிறார்.

இரண்டாம் தொடக்கம்: "அந்தக் கார் அழகாக இருந்தது."

இருந்ததுதான். ஐம்பது வயது தாண்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, கூரை இல்லை. வவுனியா அஸ்மின் அதைக் கொழும்பில் வாங்கி, பார்த்துப் பார்த்துத் திருத்தியிருந்தான். விளக்குகள் மங்கலாக எரிந்ததால் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, பற்றரிக்கு மின் ஊட்டப் புதிய அல்டனேற்றர் ஒன்றைப் பூட்டியிருந்தான். அது பெல்ட்டைக் கூடிய பலத்தோடு இழுக்கும். அதைத் தாங்கும் பிராக்கெற்றோ பழையது, மெல்லியது.

"அக்கா, இது கிடந்து ஆடுது. பெல்ட் கத்துது. தடிப்பா ஒண்டு செய்து தாங்கோ."

"தம்பி, இது காரோ சப்பாத்தோ? நிலத்தோட கிடக்குது."

அஸ்மினின் மனைவி ஸுல்பா சிரித்தாள். "நானும் அதைத்தான் கேக்கிறன் அக்கா. ஏறேக்க குந்தவேணும், இறங்கேக்க ரெண்டு பேர் தூக்கவேணும்."

(ஸுல்பாவை முதலில் ஆறு மாதக் கர்ப்பிணியாக எழுதினேன். வாசிப்பவரின் பயத்தைக் கூட்டுவதற்கு. அது களவு. எடுத்துவிட்டேன். கர்ப்பிணி இல்லாத பெண்ணின் உயிரும் உயிர்தான்.)

வேலை முடிய மூன்று மணித்தியாலம் ஆனது. இடையில் வெல்டிங் வெளிச்சம் பட்டுச் சிவலட்சுமியின் கண்கள் எரிந்து நீர் வடிந்தன. ஸுல்பா கேட்டுக்கொண்டிராமல் கடையோடு ஒட்டிய வீட்டுக் குசினிக்குள் போனாள். உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி வந்து, அவளைக் கதிரையில் சாய்த்து, குளிர்ச்சிக்குக் கண்ணுக்கு ஒன்றாக வைத்தாள். பக்கத்தில் நின்று பழைய மட்டை ஒன்றால் விசிறினாள். ஒரு வாடிக்கையாளர் தனக்கு இப்படிச் செய்தது சிவலட்சுமிக்கு இதுவே முதல் தடவை.

3

இனிப் பிழைக்கு வருகிறேன். நான் எழுதும் இந்தக் கடைத்தெருவில் ஓர் இரும்பை மெச்சுவதற்கு "இது அந்த இரும்பு" என்பார்கள். அதற்குமேல் யாரும் விளக்குவதில்லை. எரிந்து கிடந்த கவச வாகனத்திலிருந்து வெட்டிய தகடு என்று பொருள். துப்பாக்கிச் சன்னமே துளைக்காத இரும்பை விட உறுதியானது வேறு என்ன இருக்கப்போகிறது?

சிவலட்சுமியிடம் அப்படி ஒரு துண்டு இருந்தது. மீராசாகிபுவின் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. நல்ல வேலை ஒன்றுக்கென்று கனகாலமாக ஒதுக்கி வைத்திருந்தாள். அன்று ஸுல்பாவுக்காக அதை எடுத்தாள்.*

அவள் அலட்சியமாக இருந்து பிழைவிட்டிருந்தால் எனக்கு எழுத இலகுவாக இருந்திருக்கும். நன்றியினால் விட்ட பிழை இது.

* அவ்வளவு கடினமான தகட்டைச் சாதாரண வெல்டிங் குச்சியால் ஒட்டினால், ஒட்டு பார்க்க நன்றாகவே இருக்கும். ஆறி ஓர் இரவு கழிந்தபின், ஒட்டின் ஓரமாகத் தானே வெடித்துப் பிளக்கக்கூடும். சிவலட்சுமிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது, விசாரித்து அறிந்தேன்.

4

அன்று பின்னேரம் அஸ்மினும் ஸுல்பாவும் முரசுமோட்டையில் ஸுல்பாவின் சிநேகிதி வீட்டில் தங்கப் போனார்கள். காலையில் அங்கிருந்து வவுனியாவுக்குப் புறப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

காலை ஒன்பது மணிக்குச் சிவலட்சுமி மேசையைத் துடைத்தாள். முதல்நாள் அதே தகட்டில் மாதிரிக்கு ஒட்டிப் பார்த்த துண்டு அங்கே கிடந்தது. எடுத்தாள். பாதிதான் கையோடு வந்தது.

மற்றப் பாதியையும் எடுத்தாள். காரில் பூட்டியது கண்முன் வந்தது. அது இப்படி விட்டுப்போனால் அல்டனேற்றர் விழும். அதன் தடித்த வயர் எஞ்சினில் அடித்துப் பொறி பறக்கும். அந்த இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பெற்றோல் குழாய் போகிறது. முதல்நாள் அந்தக் குழாயை விலக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஆணி முறுக்கியிருந்தாள்.

அஸ்மினின் போன் நிறுத்தப்பட்டிருந்தது. ஸுல்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கூரையில்லாத காரில், காற்று இரைச்சலில், யாருக்குக் கேட்கும்?

அவள் ஓடிப்போய் —

எங்கே ஓடுவாள்? மோட்டார் சைக்கிள் வயலில் நிற்கிறது.

[பொலிசுக்குப் போன் அடிக்கலாமே என்பீர்கள். இரண்டு இலக்கம் அழுத்தினாள். என்ன இரும்பு, எந்த வாகனத்தில் வெட்டியது என்று அவர்கள் கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது. விரல் நின்றுவிட்டது. அவளைக் கோழை என்று சொல்ல என்னால் முடியாது.]

இன்னொன்றும் நினைத்தாள். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? வழியில் உடைந்தால் பழைய கார்தானே என்பார்கள். சொன்னாலோ, பொம்பிளை ஒட்டினது இப்படித்தான் என்று நாளைக்கே சந்தை முழுக்கக் கதை. கடை அதோடு முடிந்தது.

"பிள்ளையாரே" என்றாள். அப்போதுதான் முறிகண்டி நினைவுக்கு வந்தது. வவுனியா வீதியில் போகிற வாகனங்கள் அங்கே நிற்கும். சிலது வீதியோரக் கோயில் பிள்ளையாருக்காக, மிச்சம் கச்சான் என்கிற வறுத்த நிலக்கடலைக்காக.

5

பேச்சியம்மா முறிகண்டியில் கச்சான் வறுக்கிறவள். அவளுடைய அடுப்புக்குக் கால் ஒட்டிக் கொடுத்தது சிவலட்சுமி. இப்போது அவளைப் போனில் அழைத்தாள்.

"என்ன பிள்ளை? அடுப்பு ஆடேல்லை, நல்லா நிக்குது."

"அக்கா, சிவப்புக் கார் ஒண்டு வரும். கூரை இல்லாதது. மறியுங்கோ."

"ஆரின்ரை கார்? உன்ரை மனுசன் ஆரையும் கூட்டிக்கொண்டு ஓடுறாரோ?"

சிவலட்சுமி உடைந்த துண்டுகளை மேசையில் வைத்தாள். "நான் ஒட்டினது வெடிக்கப்போகுது அக்கா. ரெண்டு சீவன் அதுக்குள்ள இருக்கு. எஞ்சினை நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான்தான் பிழைவிட்டனான் எண்டும் சொல்லுங்கோ."

மறுமுனையில் சட்டி கிண்டும் சத்தம் நின்றது.

"சரி. போனை வை" என்றாள் பேச்சியம்மா.

6

முடிவு ஒன்று: கார் நிற்கவில்லை. மாங்குளம் தாண்டிய காட்டில் ஸுல்பாவுக்கு முதலில் ஒரு மணம்தான் —

மாட்டேன். இதற்குமேல் என் கை எழுதாது.

முடிவு இரண்டு: கார் நின்றது. எல்லோரும் கச்சான் தின்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. இரண்டு தரம் எழுதிப் பார்த்தேன், இரண்டு தரமும் பொய்யாகப் பட்டது. ஏனென்றால் முறிகண்டியில் கச்சான் விற்கிற பெண்கள் போகிற வாகனங்களுக்கெல்லாம் கைகாட்டுகிறார்கள். ஓட்டுகிறவர்கள் சிரித்து, வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போகிறார்கள். அஸ்மின் நல்ல பிள்ளை. அவனும் சிரித்துக் கையசைப்பான்.

முடிவு மூன்று: மாதிரித் துண்டு உடைந்தது, காரில் இருந்தது உடையவே இல்லை. அப்படியும் நடக்கலாம். அதை நம்பிச் சும்மா இருக்க என்னால் முடியாது. ஒருமுறை அப்படித் தலையாட்டிவிட்டு வந்தவன் நான்.

7

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். பேச்சியம்மா சட்டியை அப்படியே விட்டு இறங்கி, வீதி நடுவில் வெள்ளைக் கோட்டில் நிற்கிறாள். கச்சான் கருகுகிறது. இரண்டு லொறிகள் ஹோர்ன் அடித்து விலகிப் போய்விட்டன. வடக்கே, வெயிலுக்குள், சிவப்பாக ஏதோ அசைகிறது.

பிள்ளையார் மேல் எனக்கு முழு நம்பிக்கை. ஆனால் அவர் வீதிக்கு இறங்கி வாகனம் மறித்ததை நான் கண்டதில்லை. யாரையாவது அனுப்புவார்.

நீங்களும் ஏதோ ஒரு பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் கச்சான் சுற்றிய காகிதச் சரையோடு வீதியோரம் நிற்கிறீர்கள். உங்களுடைய பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறது. ஒருத்தி தனியே நின்று கைகாட்டினால் கச்சான்காரி என்று போய்விடுவார்கள். பக்கத்தில் இன்னும் ஒருவர் நின்றால் என்னவோ ஏதோ என்று யோசிப்பார்கள்.

அவளுக்கு இடப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் இருக்கிறது.