வைக்கோல் போரில் கரும்பு

மணலூர்பேட்டை ரோட்டில் கரும்பு டிராக்டர் வேகத்தடையில் மெதுவானால் போதும், தெருவே ஓடிவந்து ஆளுக்குக் கொஞ்சம் உருவிக்கொள்ளும். காத்தமுத்துவும் அன்று ஒன்று உருவினான். முப்பது வயதாகியும் அவனுக்கு விவரம் பத்தாது என்பது ஊர்ப்பேச்சு. மற்றவர்கள் வீட்டுக்குள் மறைந்துவிட, அவன் மட்டும் நடுரோட்டில் நின்று டிரைவருக்கு டாட்டா காட்டினான்.

டிரைவர் இறங்கிவந்து அவன் சட்டையைப் பிடித்தார். தெரு மறுபடியும் கூடிவிட்டது.

"வுட்டுடுங்க, பாவம். தப்பு சரி தெரியாத புள்ள" என்று எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தாள் எதிர்வீட்டு ஆண்டாள்.

காத்தமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வான், இந்தப் பேச்சைப் பொறுக்கமாட்டான்.

"எனக்கா தெரியாது? திருடறது தப்புதான் சார். தெரிஞ்சிதான் உருவினேன். கரும்புன்னா எனக்கு உசுரு."

"தப்புன்னு உனக்கு யாருடா சொன்னது?" என்றார் டிரைவர்.

"யாரும் சொல்லல. தப்பில்லன்னா ஆண்டாளக்கா இன்னாத்துக்கு அத்தினி கரும்பையும் வைக்கோல் போருல சொருவி வெச்சிக்கீது?"

டிரைவர் அவன் சட்டையை விட்டுவிட்டு வைக்கோல் போரைப் பார்த்து நடந்தார். காத்தமுத்து தன் கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் ஓடினான், அடுத்தடுத்த வீடுகளையும் காட்ட.