வாசலில் முட்டிய வட்டம்

தையல்காரியின் காலடியில் பலகை ஆடியது. மிஷினின் மோட்டார் மிதி அந்தப் பலகை மேல்தான் இருந்தது. இரண்டு நாளைக்கு முன் அவள் புருஷன் தச்சர், "தரை சில்லுங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, இந்தா" என்று சாக்கு சுற்றி ஆணி அடித்துக் கொண்டுவந்து போட்டது. பத்து வருஷமாகச் சொன்னது இப்போதுதான் இந்த மனுஷன் காதில் விழுந்ததா என்று அவளுக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

குனிந்து பார்த்தாள். சாக்கு ஒரு மூலையில் கிழிந்து, மரச்சீவல் வெளியே வந்திருந்தது. சீவலுக்கு நடுவே பச்சை வண்ணம் அடித்த மரமேடு ஒன்று எட்டிப் பார்த்தது. கத்தரிக்கோலால் சாக்கை நீளமாகக் கிழித்தாள்.

இரண்டு முதுகு வைத்த மலை. அதன் கீழே காது மாதிரி ஒரு ஏரி. மலை இடுப்பில் உளியால் குடைந்த கல்குவாரி. ஏரிக்கரையில் வரிசையாக நட்ட சின்னச் சின்ன மரக்கட்டை வீடுகள். பலகையின் ஒரு பக்கம் ரம்பம் பட்ட பச்சைக் காயமாக இருந்தது.

அவள் பிறந்த அக்கரை அது.

அக்கரையும் சேர்ந்த அந்த வட்டம் ஒன்றும் பெரிதில்லை. மேற்கே தோப்பும் வாய்க்காலும். நடுவில் கடைத்தெருவும் வட்ட அலுவலகமும். கிழக்கே ஆறு. ஆற்றுக்கு அப்பால், கல் உடைத்தும் ஆடு மேய்த்தும் பிழைக்கிற நூற்றுச் சொச்சம் வீடுகள். அதற்குத் தனிப் பேர் வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. அக்கரை என்றே விட்டுவிட்டார்கள். ஆனால் இந்த வட்டத்தில் முதலில் குடியேறியது அக்கரை மலையடியில்தான். அங்கிருந்து ஆற்றைக் கடந்து வந்து காடு வெட்டியவர்களின் வாரிசுகள்தான் இன்றைக்குக் கடைத்தெருவில் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, "அக்கரைக்காரங்களா? கரடு முரடு" என்கிறவர்கள். வட்ட அலுவலகம் முழுக்க அக்கரைக் கல். அதன் வாசல் நிலையை அங்கேயே செதுக்கி ஓடத்தில் ஏற்றி வந்தார்கள். கல்லுக்கு வழி இருந்தது. மனுஷருக்கு இன்னும் பாலம் இல்லை.

இப்போது ஒரே ஒரு பாலத்துக்கு அனுமதி வந்திருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே அக்கரைக்குப் போடுவதா, மேற்கே வாய்க்கால் மேல் வட்டத் தலைவரின் தோப்பு ஓரமாகப் போடுவதா என்று முடிவு செய்யப் பெரிய இன்ஜினியரம்மா நாளைக்கு வருகிறார். அவருக்கு வட்டத்தை ஒரே பார்வையில் காட்டத்தான் தச்சரிடம் மரத்தில் மாதிரி செய்யச் சொல்லியிருந்தார் தலைவர்.

தச்சர் வீட்டுக்குள் கால் வைத்ததும் பலகையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"இது என்னங்க?"

"அது... மீந்த துண்டு."

"மீந்ததா? எங்க ஊரு உங்களுக்கு மீந்து போச்சா?"

"கத்தாதடி. வாசல்ல முட்டுச்சு."

கதை அவ்வளவுதான். தச்சர் வட்ட அலுவலக ஹாலை அளந்தார், ஹாலில் வைக்கிற மேசையை அளந்தார், ஜன்னலைக்கூட அளந்தார். வாசலை அளக்கவில்லை. கொட்டகையில் செய்து முடித்து ஆறு பேர் தூக்கிக்கொண்டு போனால், வட்டம் வட்ட அலுவலகத்துக்குள் நுழையவில்லை. சாய்த்தும் பார்த்தார்கள். உள்ளே நடை திரும்புகிற இடத்தில் முட்டியது. வாசலோ கல் நிலை, தட்ட முடியாது. தலைவர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்து, "கிழக்கால கொஞ்சம் அறுத்துடுப்பா" என்றார்.

"கிழக்காலதான் அறுக்கணுமா? மேற்கால அறுக்காதா ரம்பம்?"

"மேற்கால அவரு தோப்பு இருக்கே."

"ஆமா, தோப்புல மரம் இருக்கு. அக்கரையில மனுஷங்கதானே இருக்காங்க! சரி, அறுத்தீங்க. துண்டை உள்ள கொண்டுபோய்ச் சேத்து ஒட்டத் தெரியாதா? தச்சருதானே நீங்க?"

"கேட்டேன். கோடு தெரியும், பாக்க அசிங்கமா இருக்கும்னுட்டாரு."

அவள் பலகையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"செருப்புக்காகக் காலைத் தறிச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். "போன மழையில எங்க அம்மா அந்தக் கரையில ஓடத்துக்குக் காத்துக்கிட்டே மூச்சை விட்டாங்க. இந்த ஏரிக்கரையிலதான் புதைச்சோம். நீங்களும்தான் மண்ணு போட்டீங்க. அதை அறுத்துக் கொண்டுவந்து என் கால்ல போட்டு மிதிக்க வச்சிருக்கீங்க. ரெண்டு நாளா மிதிச்சிருக்கேன்!"

"சாக்கு சுத்தித்தானே..."

"சாக்கு சுத்திட்டா? முழுப் பூசணியைச் சோத்துல மறைக்கிற ஆளுங்களுக்குக் கரண்டி பிடிச்சுக் கொடுத்துட்டு வந்து சாக்காம்! இன்னைக்கு உங்களுக்குச் சோறு கிடையாது. என்னைக்குக் கிடைக்கும்னும் கேக்காதீங்க."

மறுநாள் காலையில் பலகையைப் பிள்ளையைப் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். ஆற்றங்கரையில் ஓடம் கட்டிக்கொண்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டாள். அவள் அண்ணன்தான் அக்கரைக்கும் இக்கரைக்கும் இருக்கிற ஒரே ஓடக்காரர்.

"மாப்ள எங்க?" என்றார் ஓடக்காரர்.

"உங்க மாப்ள காலையிலயே கொட்டகைக்குப் போயிட்டாரு. யாரு தலையை அறுக்கவோ, எனக்கென்ன. நீங்க வாங்கண்ணே."

ஹாலில் நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய இன்ஜினியரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மாதிரியைச் சுற்றி வந்தார். தலைவர் கையில் ஒரு நீளக் குச்சி.

"இதுதாங்க நம்ம முழு வட்டம். இங்க வாய்க்கா, இங்க தோப்பு, இங்க பாலம் வந்தா சந்தைக்கு வசதி. இந்தப் பக்கம் ஆறு. ஆத்தோட வட்டம் முடிஞ்சுது."

"முடியலீங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

தையல்காரி உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்த பலகையை இறக்கி, ஆற்றின் அறுபட்ட விளிம்போடு சேர்த்துப் பொருத்தினாள். ரம்பக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நீலம் சேர்ந்தது. ஆனால் அடியில் தாங்க மேசை இல்லை. அறுத்த மாதிரிக்குத் தக்கபடி சின்ன மேசையாக மாற்றியிருந்தார்கள்; அது ஆற்றோடு முடிந்திருந்தது. அதனால் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். அண்ணன் மறு முனையைப் பிடித்தார்.

"யாரும்மா நீ? நடுவுல வந்துக்கிட்டு?" என்றார் தலைவர்.

"நீங்க அறுத்துப் போட்ட துண்டு."

யாரோ பின்னால் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

இன்ஜினியரம்மா பலகை மேல் குனிந்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜனம் இருக்கா?"

"நூத்துச் சொச்சம் வீடும்மா. போன மழையில ஒரு உசுரு குறைஞ்சுது. எங்க அம்மா. இக்கரையில ஆஸ்பத்திரி விளக்கு தெரியுது, ஆத்துல வெள்ளம். பாத்துக்கிட்டே போயிட்டாங்க" என்றாள்.

"வயசானவங்கதாங்க" என்று தலைவர் இன்ஜினியரம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"வயசானா? இக்கரையில வயசானா வைத்தியம், அக்கரையில வயசானா பாடையா? எந்தச் சட்டத்துல இருக்கு? நீங்க நிக்கிற இந்த ஹாலுக்குக் கல்லு எங்க ஊரு. இந்தத் துண்டை வெளியே தள்ளுச்சே, அந்த வாசல் நிலை எங்க ஊரு. கல்லு நல்லா இருக்கு, ஆளு மட்டும் பாக்க அசிங்கமா இருக்கோ?"

தலைவர் குச்சியைக் கை மாற்றிக்கொண்டு இன்ஜினியரம்மாவைப் பார்த்தார். "அம்மா, இது கலைப்பொருள். ஓரத்துல கோடு தெரிஞ்சா நல்லா இருக்காதேன்னுதான்..."

"நேர்ல பாத்துடலாமே" என்றார் இன்ஜினியரம்மா. "எப்படிப் போறது?"

"ஓடம் கட்டியிருக்கேம்மா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டா போதும்" என்றார் ஓடக்காரர்.

தலைவர் பதறிப்போய் முன்னால் வந்தார். "வேண்டாங்க! அந்த ஓடத்துல நீங்க ஏறவே கூடாது. ஆத்துல தண்ணி வேற கூடியிருக்கு. ரொம்ப ஆபத்து. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது தலைவருக்கே கேட்டது.

"எங்களுக்கு ஆனப்ப யாருக்குப் பதில் சொன்னீங்க?" என்றாள் தையல்காரி. பலகையை வயிற்றில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். மரம் கனத்தது.

அப்போது தச்சர் வந்தார். தோளில் இரண்டு புது மரக்கால்கள், கையில் சுத்தியல். யாரையும் பார்க்காமல் நேரே வந்து பலகைக்கு அடியில் உட்கார்ந்தார்.

"உன்னை யாருப்பா கூப்பிட்டா?" என்றார் தலைவர்.

"வீட்டுல கூப்பிட்டாங்க" என்றார் தச்சர். முதல் ஆணி இறங்கியது.

ஆணி அடிக்கிற சத்தத்தில் தலைவர் அதற்குமேல் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. இன்ஜினியரம்மா ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்காரரோடு வெளியே போனார். தலைவர் குடையைத் தேடினார். வெளியே மழையே இல்லை. பிறகு அவரும் ஆற்றங்கரை வரைக்கும் போனார். ஓடத்தில் ஏறவில்லை என்று பின்னால் தெரிந்தது.

மற்றவர்களும் பின்னாலேயே போய்விட, ஹாலில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். அக்கரை தன் காலில் நின்றது. அவள் கையை உதறிக்கொண்டாள். தச்சர் பையிலிருந்து மரப்பசையும் தூளும் குழைத்த டப்பாவை எடுத்தார்.

"கோட்டை அடைச்சுடவா? தெரியவே தெரியாது."

"வேண்டாம். பூசி மெழுகினது போதும். அறுத்த இடம் தெரியட்டும். வர்றவன் போறவன் கேக்கட்டும்."

அவர் டப்பாவை மூடினார். அதைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "அப்ப இன்னைக்குச் சோறு?" என்றார்.

"பாலம் வரட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ஆற்றங்கரைக்கு நடந்தாள்.