ஜெபராஜ் வாத்தியாரின் படிப்பகம்

சவப்பெட்டி படிப்பகத்தின் வாசற்படி ஏறும்போதே ஜெரூஷாவின் மூக்கில் பிளீச்சிங் பவுடர் நெடி ஏறியது. கூடவே எலிப்புழுக்கை நாற்றம். முன்னால் தூக்கிய இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். பெட்டிக்குள் கிடந்த அப்பாதான் சுளிக்கவில்லை.

"நேரா சர்ச்சுக்குப் போயிடலாம்மா. கவுன்சிலர் ஆளுங்க அப்பாவ வெச்சுப் படம் காட்டப் போறானுங்க" என்று வீட்டிலேயே அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். அம்மா ரத்தினபாய் கேட்கவில்லை.

"படிப்பகத்தக் கட்டினவரு ஒரு தடவையாவது உள்ள போயிட்டு வரட்டும்டி. சாகுற வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருந்தாரே."

அம்மா சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் ஜெரூஷாவுக்கு வயிறு எரிந்தது. தாம்பரத்துக்கு மேற்கே இந்த நகரில் சாலைகூட இல்லாத காலத்தில், அப்பா ஜெபராஜ் வாத்தியார் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளை மிதித்து வீடு வீடாகப் பழைய புத்தகம் கேட்டுப் போவார். முதலில் அவர் வீட்டு முன்னறைதான் படிப்பகம். பல் தேய்த்த வாயோடு ஆட்கள் உள்ளே வந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார்கள். பிறகு ரயில்வேக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து செங்கலும் சிமெண்டும் கொடுத்து எழுப்பியது இந்தக் கட்டடம். ஜெரூஷா டிகிரிக்குப் படித்ததே இங்கிருந்த நீள மேசையில்தான்.

வெள்ளம் வந்த வருஷம், நிவாரணச் சாமான் வைக்க ரெண்டு நாளைக்குச் சாவி வேண்டும் என்றார் கவுன்சிலர் பட்டாபிராமன். அப்பா மறுபேச்சில்லாமல் கொடுத்தார். வெள்ளம் வடிந்தது, சாவி வரவில்லை. கேட்கப் போனால் "நம்ம பில்டிங்தான சார்" என்று காபி கொடுத்து அனுப்புவார். அப்பாவும் அதைக் குடித்துவிட்டு வருவார். வந்து, பூட்டிய கதவுக்கு வெளியே படியில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு யாராவது படிக்க வருவார்களா என்று உட்கார்ந்திருப்பார். சண்டை போடாத அப்பாவின் அந்த மரியாதையும் அவளுக்கு அருவருப்புதான்.

உள்ளே பாதி அறையை மறைத்து ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'நூலகத் தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதில் அப்பாவைவிடப் பெரிதாகப் பட்டாபிராமன் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெரூஷா அதன் ஓரத்தைத் தள்ளிப் பார்த்தாள். பின்னால் பவுடர் மூட்டைகள், கொசுப்புகை மெஷின், போன தேர்தல் கொடிகள். மூட்டைகளில் ஓதம் ஏறக்கூடாதே என்று தரையில் புத்தகங்களைப் பரப்பி, அதன்மேல் அடுக்கியிருந்தார்கள். அட்டைகள் வெளுத்துப் பொருக்கு விட்டிருந்தன.

பெட்டியை நீள மேசைமேல் வைத்ததும் மேசை ஆடியது. ஒரு காலைக் கரையான் அரித்துக் குட்டையாக்கியிருந்தது.

"ஒண்ணியும் இல்லக்கா, தோ" என்று கவுன்சிலரின் ஆள் ஒருவன் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போனான். தடிமனான அகராதி ஒன்றை இழுத்து வந்து காலுக்கடியில் சொருகினான். ஆட்டம் நின்றது. பட்டாபிராமன் மாலையோடு வந்து தலைமாட்டில் நின்றார்.

"அத எடுங்க" என்றாள் ஜெரூஷா.

"எட்தா பெட்டி சாஞ்சுக்கும்க்கா. ஒரு போட்டோ எட்துகினு தூக்கிடலாம்."

"சாயட்டும்."

அவன் கவுன்சிலர் முகத்தைப் பார்த்தான். அவள் காத்திருக்கவில்லை. குனிந்து, மேசை விளிம்பைத் தோளால் நெம்பி, அகராதியை உருவினாள். பெட்டி ஒரு பக்கமாக இறங்கியது. அப்பாவின் தலை தலையணையில் நழுவிச் சுவர்ப்பக்கம் திரும்பியது. ரத்தினபாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டாபிராமன் மாலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். போட்டோகிராஃபர் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.