குடிசைக்குள் பிடிமண்

சீனச் சண்டை முடிந்த மறு வருஷம். தாராவியில் கால் ஊன்ற இடம் வேண்டுமென்றால் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பூமாரி உண்டாக்கினாள். தோல் பட்டறையில் கழித்துப் போட்டதையும் கரித்தூளையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, சகதியில் கொட்டி மேடாக்கி, மேலே தகரக் குடிசை போட்டாள். புருஷன் செத்த பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

அந்த மேட்டின்மேல் பிரம்மநாயகத்துக்குக் கண். கள்ளச்சாராயம் காய்ச்சுகிற தாதா. அவரும் பூமாரியைப்போலத் திருநெல்வேலிப் பக்கம்தான். ஊர்க்காரர்களை மட்டும் இரண்டு தடவை எச்சரித்துவிட்டு அடிப்பார். அவ்வளவு ஊர்ப்பாசம்! பூமாரிக்கு இரண்டு தடவையும் ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்களோடு வந்தார். கடப்பாரை தகரத்தைக் கிழித்தது. பூமாரியின் கொழுந்தன் நம்பிராஜன் தோல் சீவும் கத்தியோடு குறுக்கே பாய்ந்தான். ஒருவனுக்குக் காது அறுந்து தொங்கியது. நம்பிராஜன் மண்டையில் கட்டை விழுந்தது. அவனை மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் கால் வைத்து, ஒருவன் அரிவாளை ஓங்கினான்.

ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் எடுத்த பிடிமண், மஞ்சள் துணியில் கட்டியபடி கூரையில் தொங்கியது. பம்பாயில் மாடனுக்குக் கோயில் கட்ட வேண்டுமென்று பூமாரியின் புருஷன் கொண்டுவந்தது. அந்த மண்ணைப் போட்ட இடத்தில் மாடன் குடிவந்துவிடுவார். எங்கள் ஆட்களுக்கு இதில் சந்தேகமே கிடையாது. பூமாரி முடிச்சை அவிழ்த்துக் குடிசை நடுவே கொட்டிக் குலவையிட்டாள்.

"மாடன் எறங்கியாச்சு அண்ணாச்சி! இனி வெட்டச் சொல்லும், பாப்போம்!"

ஓங்கிய அரிவாள் நின்றது. பிரம்மநாயகம் முகம் வெளிறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார். ஒரு கிள்ளு மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, "ஏல, வாங்கலே போவம்" என்று திரும்பி நடந்தார்.

தெருவே பூமாரியைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அந்த வாரமே குடிசை நடுவில் பீடம் எழும்பியது. மாடன் காவலுக்கு இருக்கிறார், மூலையில் நாம் இருந்துகொள்ளலாம் என்று அவள் நினைத்திருந்தாள். மண்டைக் காயத்துக்குக் கட்டுப் போட்டபடி நம்பிராஜன் வந்தான். பின்னால் தெரு ஆம்பிளைகள்.

"மைனி, சாமான எடுங்க."

"எங்கய்யா எடுக்க?"

"மாடன் இருக்க எடத்துல பொம்பள பொழங்கப்பிடாதுல்லா."

"இது என் வீடுலே!"

"வீடாத்தான் இருந்துச்சு. நீங்கதான மண்ணப் போட்டிய?"

"ஒன் கழுத்துக்காவத்தாம்ல போட்டேன்!"

நம்பிராஜன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மற்றவர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஒருவன் அடுப்பை உதைத்தான். கொதிக்கிற கஞ்சி பூமாரியின் காலில் கொட்டியது. அவள் மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துப் பீடத்தில் ஓங்கி இடித்தாள். செங்கல் சிதறியது. கூட்டம் அலறியது. முதல் அடி நம்பிராஜன்தான் அடித்தான். நன்றிகெட்ட பயல்! வலது மணிக்கட்டு ஒடிந்து தொங்க, அவள் இடது கையை இடிபாட்டுக்குள் விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கம்புகள் முதுகில் இறங்கிக்கொண்டே இருந்தன. விரலைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. தலைமயிரைப் பிடித்து இழுத்து வெளியே எறிந்தார்கள்.

அந்த வருஷம் மாடனுக்கு நடந்த கொடைத் திருவிழாவில் முதல் கிடா பிரம்மநாயகம் கொடுத்தது. அவருக்குப் பரிவட்டம் கட்டிவிட்டவன் நம்பிராஜன்.

பூமாரி தாராவிக்குக் கொஞ்சம் தள்ளிச் சுனாபட்டியில், ரயில் பாதையோரச் சகதியில், ஒற்றைக் கையால் மறுபடி குப்பை கொட்டி மேடாக்கிக் குடியேறினாள். ஊர்க்காரன் எவனாவது அந்த இடத்தை அளக்கிற மாதிரி வந்து நின்றால், மடியில் இருக்கும் பிடிமண் முடிச்சைத் தொட்டுக் காட்டுவாள்.

"கிட்ட வந்த, போட்டுருவேன். பொறவு எனக்கும் கெடையாது, ஒனக்கும் கெடையாது."