சுத்தியல் இல்லாத ரிவால்வர்

எங்கள் மலைப்பக்கத்தில் என்னைத் துப்பாக்கி லோரீன் என்பார்கள். நான் துப்பாக்கி சுட்டதே இல்லை, சத்தம் கேட்டாலே தலைவலி வந்துவிடும். நூற்றறுபது வருடத்துக்கு முன்னால் உள்நாட்டுப் போருக்குப் போன பையன்கள் தகரத்தகட்டில் எடுத்துக்கொண்ட படங்களை அவர்கள் வம்சத்தார் என்னிடம் கொண்டுவருவார்கள். கையில் பிடித்திருக்கும் ரிவால்வரைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, இது இன்ன வகை, இன்ன படைக்குக் கொடுத்தது என்று எழுதிக் கொடுப்பேன். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டும் திரிந்தேன். அந்த வாய்க்கு வேண்டியதுதான்.

ஆன்செல் டக்கெட்டுக்கு எண்பத்தாறு வயது. அவருடைய கொள்ளுத்தாத்தா எஃப்ரைம் குதிரைப்படையில் சேர்ந்தவர், திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை, ஒரு படமும் இல்லை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு கடிதம்: 'எனக்குச் சுத்தியல் இல்லாத ரிவால்வர் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனியில் வேறு யாரிடமும் கிடையாது.' ரிவால்வரின் பின்பக்கம் கட்டைவிரலால் இழுக்கும் கொக்கியைத்தான் சுத்தியல் என்போம்; அது இல்லாத வகை அபூர்வம்.

போன வருடம் பழைய சாமான் கடையில் பெயரில்லாத தகட்டுப்படம் ஒன்று எனக்குக் கிடைத்தது. குதிரைப்படைச் சட்டை, பக்கத்தில் பூப்போட்ட துணி விரித்த மேசை, கையில் அதே அபூர்வ ரிவால்வர். கைப்பிடியின் அடியில் பூசணி விதை அளவுக்கு மரம் பெயர்ந்திருந்தது. அதைப் போரில் பட்ட அடி என்றும், படத்தில் இருப்பவர் எஃப்ரைம்தான் என்றும் எழுதிக் கொடுத்தேன். ஆன்செல் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எஃப்ரைமுக்கு வைக்கும் நினைவுக்கல்லில் அந்த முகத்தையே செதுக்கச் சொல்லிவிட்டார்.

மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு. சர்ச்சுக்குப் பின்னால் மரத்தடி மேசைகளில் பொரித்த கோழியும் வாழைப்பழப் புட்டிங்கும் நிறைந்திருந்தன. ஜெபம் முடிந்ததும் கல்லின் மேலிருக்கும் துணியை நான் இழுக்க வேண்டும். ஆன்செல் படத்தில் இருப்பவர் மாதிரியே வகிடெடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"என் காதைப் பாரு லோரீன். அச்சு அசல் அவரு காது."

"அப்படியே இருக்கு மாமா."

"அந்தக் காதாலதான் என் மருமக சமையக்கட்டுல திட்டறது வாசவரைக்கும் கேக்குது."

பின்னால் நின்ற மருமகள் தட்டால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதுதான் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருந்த நாடீன் கிரிஸ்ப் என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம். இவரு எங்க வீட்டு ஆளு. இது என்ன துப்பாக்கின்னு சொல்லுங்களேன்." ஒரு சாக்ஸுக்குள் கையைவிட்டுத் தகட்டை எடுத்தாள்.

சுத்தியல் இல்லாத ரிவால்வர். அதே பூப்போட்ட மேசைத்துணி. கைப்பிடியில் அதே பூசணி விதை. ஆனால் இந்தப் பையன் போட்டிருந்தது காலாட்படைச் சட்டை, அவர்களுக்கு ரிவால்வர் கொடுக்கவே மாட்டார்கள். அந்தக் காலத்தில் படம் எடுக்கிறவன் தன் கடையில் ஒரு துப்பாக்கி வைத்திருப்பான், வருகிறவன் எல்லாம் அதைப் பிடித்து வீராப்புக் காட்டுவான். இது எங்கள் வேலையில் முதல் பாடம். இதைத் தவறவிட்டவர்களை நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். என் எஃப்ரைமின் கையில் இருந்ததும் கடைக்காரன் துப்பாக்கி. அப்படியானால் அந்தப் பையன் யாராகவும் இருக்கலாம்.

ஓடிவிடலாமா என்று பார்த்தேன். என் காரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கார்கள் நெருக்கி நின்றன. போதகர் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கால்கள் தாமாகவே போயின. துணியை இழுத்தேன்.

கைதட்டல். யாரோ பெற்ற பிள்ளை கல்லிலிருந்து என்னைப் பார்த்தான். அவனுக்குக் கீழே, நான் எதிர்பார்க்காத ஒரு வரி: 'அடையாளம் கண்டவர் லோரீன் ஷூப்.'

"உனக்குச் சொல்லாமலே போடச் சொன்னேன்!" ஆன்செலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என் எடம் அவருக்குப் பக்கத்துலதான். போய்ச் சேர்ந்தா ஆளு அடையாளம் தெரியும்ல."

அதற்குள் நாடீனின் தகடு கைமாறிக் கைமாறி அவரிடமே வந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, அதே துப்பாக்கி! கூட்டாளிங்கடா! கூட்டாளிக்குத் தன் துப்பாக்கியைக் குடுத்துப் படம் எடுக்கச் சொல்லியிருக்காரு எங்க தாத்தா! லோரீன், இதையும் எழுதிக் குடு."

யாரோ காகிதத்தையும் பேனாவையும் என் கையில் திணித்தார்கள். நாடீன் கண்ணீரோடு சிரித்தாள். 'எஃப்ரைம்' என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு தப்பைச் சுமந்திருப்பேனோ என்னவோ. தெரிந்தே இன்னொன்றை எழுத முடியவில்லை.

"அது படம் எடுத்தவன் கடைத் துப்பாக்கி மாமா. ரெண்டு படத்துலயும். கல்லுல இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியாது. என் தப்பு."

எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. ஆன்செல் என்னைப் பார்க்கவில்லை, கல்லையே பார்த்தார். கை மட்டும் ஏறிக் காதைத் தடவியது.

"தப்பாத ஆளுன்னு நீதானே சொல்லிட்டுத் திரிஞ்ச?"

"ஆமா."

"எனக்கு எண்பத்தஞ்சு வருஷம் மூஞ்சியே இல்லாத தாத்தாவா இருந்தாரு. பழகிப்போச்சு. நீ குடுத்துட்டுப் பிடுங்கறியே லோரீன்."

பேனாவை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் மருமகளைக் கூப்பிட்டு, கல்லை மூடச் சொன்னார். அவள் துணியைத் தூக்கி மறுபடி போர்த்தினாள். துணி மடங்கி விழுந்ததில் முகம் வரைக்கும்தான் எட்டியது. கீழே என் பெயர் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அதை மூடு என்று யாரும் சொல்லவில்லை. கார்கள் நகர்ந்து வழி விடும்வரை ஒன்றரை மணி நேரம் நான் அதன் எதிரிலேயே நின்றேன்.